வடக்கு இடப்பக்கம் போன வரைபடம்

மறுநாள் காலை பிரிண்டுக்குப் போகவேண்டிய வரைபடத்தை, சங்கத்தின் சார்பில் ப்ரூஃப் பார்க்க வந்த பாண்டியம்மாள் ஒரே பார்வையில் நிறுத்திவிட்டார். என் டைரியில் ‘செவ்வாய். ப்ரூஃப். தவறு என்னுடையது’ என்று இருக்கிறது.

மதுரை கோச்சடையில் நானும் செல்வியும் வரைபடம் வரைகிறோம். செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்து, மவுஸால் ஒவ்வொரு கோடாக இழுப்போம். மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்ப் பாசனச் சங்கம் எட்டடி அகலம், நாலடி உயரத்தில் ஃபிளெக்ஸ் கேட்டிருந்தது. முறைத்தண்ணீரில் யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள்.

வாய்க்கால் வடக்கிலிருந்து தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டர். வடக்கு மேலே இருக்கவேண்டும் என்ற பழக்கத்தில் அதை நாலடி உயரத்துக்குள் அடக்கினேன். ஓர் அடிக்கு நானூறு மீட்டர் என்றானது. வயல்களுக்குள் பெயர் எழுத இடமில்லை. அதனால் மடையருகே பெரிதாக்கி, கடைசிப் பகுதியைச் சுருக்கினேன்.

பாண்டியம்மாளின் வயல் கடைமடையில். திரையில் அதைத் தொட்டுக் காட்டினார்.

“என்னண்ணே, என் வயலு மடைக்கு இம்புட்டுப் பக்கத்துல இருக்கு? நடந்து வந்துச்சாக்கும்?”

“இடம் பத்தலம்மா. கொஞ்சம் சுருக்கியிருக்கேன்.”

“படத்துல சுருக்குனா நேரத்தையும் சுருக்குவாங்க. தண்ணி வந்து சேரவே பாதி நேரம் போயிரும். பயிரு காஞ்சா நீங்க வந்து நனைப்பீங்களா?”

செல்வி எழுந்து வந்தார். “எந்தச் சுவத்துலக்கா மாட்டுறீங்க?”

“சங்கக் கட்டடத்துக்குள்ள, கெழக்குச் சுவத்துல.”

“அப்ப பாக்குறவங்களுக்கு வடக்கு இடது கைப்பக்கம். அண்ணே, வாய்க்காலைப் படுக்கப் போடுவோம்.”

“வடக்கு மேல இல்லாம ஒரு மேப்பா?”

“அம்புக்குறி பின்ன எதுக்குண்ணே இருக்கு?”

படத்தைத் திருப்பினோம். ஓர் அடிக்கு இருநூறு மீட்டர், மடை முதல் கடைமடை வரை ஒரே அளவு. செல்வி அதோடு விடவில்லை. ஒரே ஒரு வயலின் பெயரை உண்மையான அளவில் பிரிண்ட் எடுத்து, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று படித்துப் பார்த்தார். எழுத்தை ஒரு சுற்றுப் பெரிதாக்கிய பிறகே ஃபைலை அனுப்ப விட்டார். இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாத சோதனை அது.

சங்கக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பாண்டியம்மாள் படத்தின் மேல் கையை விரித்து அளந்துகொண்டே போனார். முதல் மடை விவசாயி சிரித்தார்.

“என்ன பாண்டியம்மா, ஜவுளிக் கடையா வச்சிருக்க?”

“தண்ணி அளக்குறேன் மாமா. மடையிலருந்து ஒங்க வயலுக்கு ஒரு சாண், எனக்கு ஒம்போது. இப்ப மணிக்கணக்குப் பேசுவோம்.”

தண்ணீர் வந்து சேரும் நேரத்தை அவருடைய முறை நேரத்தோடு தனியாகக் கூட்டினார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: புது ஃபைல் திறக்குமுன் சுவரைப் போய்ப் பாருங்கள். கடைசி வயல்காரரிடம் ப்ரூஃபை முதலில் காட்டுங்கள்.