மரத்துக்குள் இருந்த முத்திரை

எண்பதுகளில் கல்முனையில் துப்பாக்கி திருத்தும் ஒருவர் இருந்தார். அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் அவரை 'நானா' என்போம். எந்தப் பழைய ரைபிள் வந்தாலும் மரப்பகுதியைக் கழற்றி, உடுத்திருந்த சாரன் நுனியால் இரும்பின் அடியைத் துடைப்பார். "குழல்ல இரிக்கிறது வித்த கடைட பேரு. பொறியச் செஞ்சவன்ட முத்திரை மரத்துக்குள்ளதான் இரிக்கும்" என்பார்.

ஒருநாள், வயலில் சுடப்பட்டுக் கிடந்தவரின் அருகே எடுத்த ரைபிளைப் பொலிசார் கொண்டுவந்தார்கள். இலக்கம் அராவப்பட்டிருந்தது. மொழிபெயர்க்க நான் போயிருந்தேன். அவர் கழற்றித் துடைத்தார்; முத்திரை தெரிந்தது. அந்த முத்திரையுள்ள ரைபிள் எங்கள் பக்கம் ஒருவரிடம்தான் இருந்தது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ஆரு செஞ்சதெண்டு வெளங்கல்ல" என்றார். சிங்களத்தில் சொன்னேன்.

அவர்கள் போனபின், "நானா, ஏன் மறைச்சீங்க?" என்றேன்.

"இப்ப விழுந்தது ஒரு மையத்து. பேரச் சொன்னா இன்னும் எத்தின மையத்து விழும்?"

பட்டறை வாசலில் காத்து நின்ற இறந்தவரின் மனைவி, "என்னவாம்?" என்று என்னைக் கேட்டார். அதே பொய்யைத் தமிழில் சொன்னேன்.