மேல்வீட்டுக்கு ஏறாத சூடு

ஸ்தோய்னா அசெனோவா வெல்கோவா (1946–2020). பல்கேரியாவின் பெர்னிக் நகரில், நிலக்கரிச் சுரங்க அலுவலகத்தில் முப்பத்தோராண்டுகள் வரைபடம் தீட்டியவர். எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில் கணவர் லியூபனுடன் வாழ்ந்தார். அவருக்கு மேலே, கடைசி மாடியில், ரத்கோ மின்செவ் இருந்தார்.

குளிர்காலத்தில் நகரக் கொதிகலனின் வெந்நீர் ஒவ்வொரு வீட்டிலும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு வரும். திறந்து வைப்பவர் கட்டணம் செலுத்துவார். மின்செவ் தம் வீட்டில் அனைத்தையும் மூடி ஒன்பது குளிர்காலங்கள் ஆகியிருந்தன. சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்ட லியூபனுக்காக ஸ்தோய்னா தம் வீட்டை முழுச் சூட்டில் வைத்திருந்தார். சன்னல் இடுக்குகளில் பழைய கம்பளிக் கீற்றுகளைத் திணித்தார். சமையலறையைப் பூட்டிவிட்டு ஒரே அறையில் வாழ்ந்தார். கட்டணம் குறையவில்லை. சூடு கான்கிரீட்டின் வழியே மேலேறிக்கொண்டிருந்தது. மேலே மின்செவ் சனவரியிலும் அரைக்கைச் சட்டையுடன் உலவினார்.

2014 டிசம்பரில் படிக்கட்டடியில் குடியிருப்போர் கூட்டம் நடந்தது. சூடு வெளியேறாதபடி கட்டடம் முழுவதற்கும் வெளிப்புறக் காப்பு போடலாம் என்று ஸ்தோய்னா கேட்டார். இருபது வீட்டாரும் கையெழுத்திட வேண்டும். கட்டடப் பொறுப்பாளன் என்ற முறையில் சம்மதத் தாளை நான் தயாரித்திருந்தேன்.

"எனக்கு எதுக்கு? என் வீடு சும்மாவே கதகதன்னு இருக்கு" என்றார் மின்செவ்.

"அது எங்க காசு, மின்செவ்."

"காசு மட்டுமா ஸ்தோய்னாம்மா? உங்க வீட்டுக்காரர் இருமுற இருமல்கூடச் சூடாத்தான் மேல வருது!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஸ்தோய்னா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுப் படியேறினார். பிப்ரவரியில் லியூபன் இறந்தார்.

அந்தக் கோடையில் மின்செவ் பிளம் பழச் சாராயம் காய்ச்சக் கிராமத்துக்குப் போனார். இரண்டு மாதம் வரமாட்டார். ஸ்தோய்னா தம் வீட்டின் உட்கூரையை அடிக்கோலால் அளந்தார். நான்கு விரல் தடிமனுள்ள தெர்மோகோல் பலகைகளை வாங்கி, அறுபத்தொன்பதாம் வயதில் ஏணியில் நின்று, ஒன்றன்பின் ஒன்றாக அதில் ஒட்டினார். சுண்ணாம்பு பூசுவதாகவே நாங்கள் நினைத்தோம்.

நவம்பரில் உறைபனி விழுந்தது. ஸ்தோய்னா ஒரேயொரு ரேடியேட்டரைப் பாதியளவு திறந்தார். அதுவே அவருக்குப் போதுமானதாயிற்று. மேலே மின்செவ் தம் ரேடியேட்டர்களைத் திறக்க முயன்றார். ஒன்பது ஆண்டுகள் அசையாத திருகுகள் துருவேறி இறுகியிருந்தன. குழாயில் நீர் வற்றும் வசந்தத்துக்கு முன் அவற்றை மாற்ற வழியில்லை. மின்சார அடுப்பொன்றை வாங்கினார். முதல் மாதக் கட்டணச் சீட்டைக் கண்டதும் அதை அணைத்துவிட்டார்.

சனவரியில், மேலங்கியும் மயிர்த்தொப்பியுமாக, அவர் ஸ்தோய்னாவின் கதவைத் தட்டினார். படியில் நின்ற நான் அனைத்தையும் கேட்டேன்.

"என்ன மின்செவ், முழுக்கைச் சட்டை போட்டிருக்கீங்க?"

"விளையாடாதீங்கம்மா. வாயைத் திறந்தா புகை வருது. சூட்டை என்ன பண்ணீங்க?"

"கீழேயே நிறுத்தி வச்சிருக்கேன். ஏறினா இருமலும் சேர்ந்து ஏறுமே."

மின்செவ் தொப்பியைக் கழற்றினார். "அந்தத் தாளைக் கொடுங்க. கையெழுத்துப் போடறேன்."

"கூட்டத்துல போடுங்க. அன்னிக்குச் சிரிச்சவங்க எல்லாரும் பாக்கட்டும்."

கூட்டத்தைக் கூட்டினேன். மின்செவ் முதலில் கையெழுத்திட்டார். அவரோடு சேர்த்து, ஒவ்வொருவராகப் பத்தொன்பது வீட்டாரும் இட்டோம். இறுதியாகப் பேனாவை ஸ்தோய்னாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"என் வீடு சும்மாவே கதகதன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

வசந்தத்தில் மின்செவ் திருகுகளை மாற்றினார். மேலே காப்பில்லாத கூரை, கீழே தெர்மோகோல். எத்தனை திறந்தும் அவர் வீடு சூடாகவில்லை. கட்டடத்திலேயே மிகுதியான கட்டணம் அவருடையதாயிற்று. மற்ற வீட்டாரும் வெறுஞ்சுவர்களுக்குள்ளேயே குளிரைக் கழித்தோம். ஆண்டுதோறும் அக்டோபரில் அத்தாளை ஸ்தோய்னாவிடம் கொண்டுபோவேன்.

"கோபம் போதும்மா. லியூபன் இருந்தா போட்டிருப்பார்" என்றேன் ஒருமுறை.

"இருந்தா போட்டிருப்பார். ஒன்பது குளிர்காலம் எங்க சூட்டைத் தின்னான், பொறுப்பாளரே. இப்பதானே மூணு ஆகியிருக்கு?"

2019 அக்டோபர் 21 அன்று அவர் கண்ணாடியை அணிந்து, பத்தொன்பது கையெழுத்துகளையும் விரல் வைத்து வாசித்து, கையெழுத்திடாமலேயே தாளை நான்காக மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.