சரிவு வரிசை

என் மேசை இழுப்பறையில் ஒரு பித்தளை விசில் கிடக்கிறது. திறக்கும்போதெல்லாம் உருண்டு முன்னால் வந்து நிற்கும். மூடிவிடுவேன். ஏதோ மறந்ததுபோல மறுபடி திறப்பேன். ஓய்வு பெற்றவருக்கு இதுதான் வேலையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்த அன்று கழுத்தில் மாட்டிய விசில் அது. சேலத்துக்காரன், படித்தவன் என்ற மிதப்பு வேறு. பழம் பறிக்கத் தாமதமாக வந்தவர்களுக்குத் தண்டனையாகச் செங்குத்துச் சரிவில் இருந்த வரிசைகளை ஒதுக்கினேன். சாயங்காலம் கூடைகள் நிறைந்துதான் வந்தன. பாதிக்குப் பாதி பச்சைக் காய். தொண்டை வறளக் கத்தினேன். எல்லோரும் போன பிறகு மேஸ்திரியம்மா மட்டும் நின்றார். பறிக்கும் பெண்களை நடத்துபவர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும்.

"ஏனுங்க சார், கோவத்துல பறிச்சா காயும் பழமும் கண்ணுக்குத் தெரியுமுங்களா? நாளைக்குச் சரிவுல மொதல்ல நீங்க எறங்குங்க. அப்பறம் ஊதுங்க."

ரோஷமாக இருந்தது. ஆனாலும் இறங்கினேன். இரண்டு முறை சறுக்கி விழுந்தேன். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று கூடைகளில் பச்சை குறைந்தது. அதற்குப் பிறகு சரிவு வரிசை எல்லோருக்கும் முறைவைத்து வந்தது, எனக்கும்தான். "கூடையப் பாக்காதீங்க சார், கையப் பாருங்க. கை தடுமாறுச்சுன்னா ஆளுக்கு என்னமோ கஷ்டமுங்க" என்பார். யாரைக் கண்டிப்பது, யாரை விட்டுப்பிடிப்பது, எல்லாம் அவரைக் கேட்டுத்தான். நல்ல பெயர் மட்டும் எனக்கு வந்தது.

ஆறாவது வருடம் முதலாளி என்னை மேனேஜராக்குவதாகச் சொன்னார். "உன் இடத்துக்கு யாரைப் போடலாம்? சனிக்கிழமை சொல்லு." அன்று மாலையே மேஸ்திரியம்மா வந்தார். தனக்கென்று அவர் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"சார், அந்த எடத்த எனக்குக் கேளுங்க. நொம்ப நாளா மனசுல இருக்குதுங்க."

பார்க்கலாம் என்றேன்.

அந்த மூன்று நாளும் இருப்புக்கொள்ளவில்லை. ஒண்டிக்கடை முக்கு வரை நடப்பேன், டீ குடிப்பேன், பாதி வழி திரும்பி வந்து மறுபடி போவேன். எங்கள் எஸ்டேட்டில் அதுவரை பெண் யாரும் சூப்பர்வைசராக இருந்ததில்லை. சொல்லப்போய், இவனுக்கே புத்தி மட்டு என்று என் பதவியும் போய்விட்டால்? சனிக்கிழமை, காய வைக்கும் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் பெயரைச் சொன்னேன். முதலாளி யோசிக்கவே இல்லை, தலையாட்டினார். அந்த அம்மாவின் பெயருக்கும் அப்படியே ஆட்டியிருப்பாரோ? அட பாவி, கேட்டாவது பார்த்திருக்கலாமே!

திங்கட்கிழமை காலை வரிசை பிரிக்கும் இடத்தில் அவர் குரலை உயர்த்தவில்லை. "எல்லாத்தையும் சரியாத்தான் கத்துக்கிட்டீங்க சார். சரிவுன்னு வந்ததும் என்னைய எறக்கி உட்டுட்டீங்க." அந்தப் பருவம் முடிந்ததும் வேலையை விட்டு நின்றுவிட்டார். புதியவனுக்குக் கடையில் வேறு விசில் வாங்கிக் கொடுத்தேன். இதைக் கொடுக்கக் கை வரவில்லை.

போன வாரம் சேலத்தில் இளம் அதிகாரிகளுக்குத் தலைமை தாங்குவது பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். விசிலைக் காட்டி, அவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். நல்ல கைதட்டல். ஒரு பெண் எழுந்து, "அந்த மேஸ்திரியம்மா அப்புறம் என்ன ஆனாங்க சார்?" என்று கேட்டாள்.

"தெரியலையேம்மா" என்றேன்.

பொய். மேலே, ஏற்காட்டுக்குப் பக்கத்தில் கிளியூரில்தான் இருக்கிறார். நான் குடியிருக்கும் அடிவாரத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். இன்று காலையும் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டாப் வரை போனேன். பஸ் வந்து நின்றது. ஏறுகிறேனா என்று கண்டக்டர் என் முகத்தையே பார்த்தார். பிறகு விசில் ஊதினார், பஸ் மலையேறிவிட்டது. இழுப்பறையை இப்போதுதான் மூடினேன்.