ஆரஞ்சுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?

பழத்தை இரண்டாக அரிந்தாயிற்று. ஒரு பாதி பிழியும் கருவியின் மேல் ஏறி உட்கார்ந்தும்விட்டது. ஆனால் கை அழுத்தவில்லை. ஜூஸ்காரம்மா மறுபாதியை வாடிக்கையாளரின் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள்.

"உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?"

ரயிலுக்கு நேரமாகிறது என்று அவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். அம்மா மசியவில்லை. கேள்வி என்னவோ தமிழில்தான், புருவம் மொழிபெயர்த்துவிடும். பேர் வந்தால்தான் சாறு வரும்.

ரயில் நிலையப் படிக்கட்டை ஒட்டிய கடை. அம்மா குள்ளம். கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டி ஒன்றின் மேல் நின்றுதான் வியாபாரம். அந்தப் பெட்டியில் வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. கல்லாவில் உட்காரும் கணவர் ஒருமுறை பல்பு மாட்ட ஏறிவிட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கேட்டுக் கேட்டு அம்மா ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஒருத்தர் "பொர்த்தகால்" என்கிறார், இன்னொருத்தர் "புர்துகால்" என்கிறார். இரண்டும் போர்ச்சுகல்தான். "அப்பெல்சின்" என்பவரைக் குடைந்தால், சீன ஆப்பிள் என்று அர்த்தமாம். சரி, போர்ச்சுகல்காரர் என்ன சொல்கிறார்? அதிர்ஷ்டவசமாக ஒருவர் வந்தார். "லாரஞ்சா" என்றார்.

"நல்லா இருக்கே! பாதி உலகம் உங்க ஊர் பேரைச் சொல்லிக் குடிக்குது, உங்களுக்கு மட்டும் அது ஆகலையா?"

ஒரு வார்த்தையும் புரியாத அவர், இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த லாரஞ்சாவும், வேறொருவர் சொன்ன நாரஞ்சாவும், நம்முடைய நாரத்தையும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று இன்னொருவர் சொன்னபோது, அம்மா தீர்ப்பே எழுதிவிட்டாள்: "பெத்தவ யாருன்னு ஒருத்தனும் கேக்கலைங்க. கடைசியா யாரு கையைப் புடிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள வந்துச்சோ, அவங்க பேரை வெச்சுட்டாங்க." அறிஞர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். அடிக்குறிப்புகளோடு சொல்வதால் யாரும் படிப்பதில்லை.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் கணவரிடம் விசாரிக்க வேண்டும். தூர ஊரில் வேலை பார்க்கும் மகன் ஒருநாள் போனில், "அம்மா, கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது" என்றான்.

"அப்ப நான் அவகிட்டப் பேசறதும் ஒண்ணு, சுவத்துக்கிட்டப் பேசறதும் ஒண்ணு!" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் கோபம் ஆறிவிட்டது. ஆனால் மருமகள் என்ன மொழிக்காரி என்று கேட்காமல் வைத்தாயிற்றே! இனிமேல் போய்க் கேட்டால் கௌரவம் என்ன ஆவது?

"பையன்கிட்ட கேட்டுச் சொல்லட்டுமா?" என்பார் கணவர்.

"நான் கேட்டேனா உங்களை? எந்தப் பாஷைக்காரியா வந்தாலும் பேச என்கிட்ட ஒரு வார்த்தை இருக்கும். நீங்க சில்லறையைப் பாருங்க."

போன வாரம், கூட்டம் முண்டியடிக்கிற நேரத்தில், மகன் வந்தான். வரிசையில் நின்றுதான் வந்தான். அந்தக் கடையில் யாருக்கும் சலுகை கிடையாது. பக்கத்தில் அந்தப் பெண். மாமியாரை விட ஒரு விரல் குள்ளம்.

"அம்மா, இவதான்..."

"நீ சும்மா இரு." பாதிப் பழம் உயர்ந்தது. "பொர்த்தகால்?"

பெண் தலையசைத்து இல்லையென்றாள்.

"நாரஞ்சா? அப்பெல்சின்?"

இல்லை. வரிசையும் களத்தில் இறங்கியது. பின்னாலிருந்து யாரோ "ஜெருக்!" என்று கத்தினார். அதுவும் இல்லை. கையிருப்பு காலி. அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "இத்தனை பேர்கிட்ட கேட்டு வெச்சேனே, இவ ஊர்க்காரங்க ஒருத்தருக்குமா தாகம் எடுக்கலை?"

பெண் பழத்தைத் தொட்டாள். "ஸொம்."

"அவ்ளோதானா? வாயைத் திறந்து மூடறதுக்குள்ள முடிஞ்சுபோச்சே! சொம்."

மருமகள் குரலோடு கையையும் மேலிருந்து கீழே இறக்கி, ராகத்தோடு திருத்தினாள். மாமியாரைத் திருத்துகிறாள், அதுவும் முதல் நாளே! கணவர் கல்லாவை மெதுவாக மூடினார். மகன் கண்ணை மூடிக்கொண்டான்.

அம்மா ராகத்தோடு திருப்பிச் சொன்னாள். "ஸொம்."

"ஜூஸ் வருமா வராதாம்மா?" என்றது வரிசை.

அந்தப் பெண் தடுப்பைத் தூக்கி உள்ளே வந்தாள். கை கழுவினாள். பாதிப் பழம் ஒன்றை எடுத்துக் கருவியை நோக்கி எக்கினாள். எட்டவில்லை. கணவர் முக்காலி தேட எழுந்தார்.

அம்மா பெட்டியின் ஓரத்துக்கு நகர்ந்தாள். பிறகு குனிந்து, இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி, பெட்டியில் காலியான பாதியைத் துடைத்தாள்.