ஆறு மீன்களுக்கு நான் பார்த்த வைத்தியம்

என்னைக் கெட்டிக்காரி என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஒன்பது வயதில் ஒரே ஒரு தடவை கெட்டிக்காரியாக இருந்து பார்த்துவிட்டேன். இந்த ஜென்மத்துக்கு அது போதும்.

ஜப்பான்காரன் காலம். மலாய் நாட்டில், காஜா பெராங் என்ற ஊரில், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடு எங்களுடையது. சயாமில் ரயில் பாதை போட வேண்டுமென்று அப்பாவை முந்தின வருடமே லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றே மாதம் என்றார்கள். கடிதமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. வீட்டில் மிஞ்சிய ஆண்பிள்ளை சித்தப்பா ஒருவர்தான். வெள்ளைக்காரன் இருந்தபோது டவுனில் கரண்டு கம்பி வேலை பார்த்தவர். அவரை மட்டும் லோரியில் ஏற்றாமல் விட்டு வைத்ததற்குக் காரணம் ஆறு மீன்கள்.

சிரிக்காதீர்கள், நிஜம்தான். உஜோங் பாசிரில் கடலைப் பார்த்தபடி ஒரு பங்களா இருந்தது. அதிலிருந்த வெள்ளைக்காரன் உயிர் தப்பி ஓடியபோது மேசை நாற்காலிகளோடு ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியையும் அதிலிருந்த மீன்களையும் விட்டுவிட்டு ஓடினான். அங்கே வந்து குடியேறிய ஜப்பான் அதிகாரிக்கு அந்த மீன்கள் என்றால் உயிர். சயாமுக்கு யார் யாரை ஏற்றுவது என்ற பட்டியலில் பகலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, தொட்டி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மீன்களிடம் குழந்தையைக் கொஞ்சுவது போல் கொஞ்சுவான். மனுஷன் என்றால் அப்படி இரக்கம் இருக்க வேண்டும்!

மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய். ரவையைத் தூவிவிட்டது போல் உடம்பெல்லாம் புள்ளி. தண்ணீரை இரவும் பகலும் சூடு குறையாமல் வைத்திருந்தால் அந்த நோய் போய்விடும். அதற்கென்றே வெள்ளைக்காரன் ஒரு சூட்டுக்குழாய் வைத்திருந்தான். கண்ணாடிக் குழாய்க்குள் கம்பிச் சுருள், அதிலிருந்து சுவருக்குப் போகும் ஒரு வயர். அதை ஆளத் தெரிந்தவர் சித்தப்பாதான். மீன் தேறும்வரை இவன் இங்கேயே இருக்கட்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டான். அம்மாவுக்கும் அங்கே துணி துவைக்கும் வேலை கிடைத்தது. நானும் ஒட்டிக்கொண்டு போவேன். வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு; பங்களாவிலோ சட்டியில் ஒட்டிய சோறாவது கிடைக்கும்.

சித்தப்பா தொட்டியைக் கழுவும்போது நான் பக்கத்திலேயே நிற்பேன். பூசாரி பூஜை செய்வது போல் ஒரு வரிசை பிசகாமல் செய்வார்.

"பாப்பா, மொதல்ல சுவிச்ச அடை. பிளக்கையும் பிடுங்கு. ஒடனே தண்ணிய எறச்சிடக்கூடாது. கொழாய் தண்ணிக்குள்ளயே ஆறணும், முன்னூறு எண்ணு. சூட்டோட வெளிய எடுத்தா படீர்னு வெடிச்சிடும். அப்புறம் ஒடஞ்ச கொழாயோட கரண்டு விட்டா, தண்ணியில கை வச்சவன் கதை முடிஞ்சிச்சு."

பிறகு குழாய் முழுக்க முங்கும்படி தண்ணீரை நிரப்பி, கையை ஈரம் போகத் துடைத்து, பலகை மேல் ஏறி நின்றுதான் சுவிட்சைப் போடுவார். எனக்கு எல்லாம் மனப்பாடம்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. காலையில் அதிகாரியின் கார் வாசலைத் தாண்டியதுமே சித்தப்பா சுவிட்சை அடைத்துவிடுவார். தொட்டி கழுவுகிறேன் பேர்வழி என்று மத்தியானம்வரை இழுத்தடிப்பார். அவன் திரும்பும் நேரத்துக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும் அவருக்கு. புள்ளிகள் கொஞ்சம் குறையும், மறுபடியும் வரும். ஏன் சித்தப்பா என்று ஒருநாள் கேட்டேன். "சாக்கிரதையா இருக்கணும்ல" என்றார். பாவம், சித்தப்பாவுக்குக் கைராசி இல்லை என்று நான் முடிவு கட்டினேன்.

அந்தச் சமயத்தில் அதிகாரி பத்து நாள் வேலையாகச் சிங்கப்பூருக்குப் போனான். அவன் போன மறுநாளே சித்தப்பா குளிர்காய்ச்சலில் விழுந்தார். போர்த்திய கோணிக்குள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல் கிடுகிடுக்க என்னிடம் சொன்னார்: "தீனி மட்டும் போடு பாப்பா. சுவிச்சத் தொட்டுடாத. நான் எந்திரிச்சு வந்து பாத்துக்கிறேன்."

சின்னப் பிள்ளை கரண்டில் கை வைத்துவிடுவேன் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா பின்கட்டுக் கிணற்றடியில் துணியோடு கிடந்த நேரத்தில், கையைத் துடைத்துக்கொண்டு பலகை மேல் ஏறினேன். சுவிட்சைப் போட்டவள் அதற்குப் பிறகு அடைக்கவேயில்லை. தண்ணீர் மாற்றும்போது மட்டும் அடைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், முன்னூறு எண்ணினேன். ஒரு விரிசல் இல்லை, ஒரு சொட்டு தரையில் சிந்தவில்லை. ஒன்பது நாளில் ஆறு மீன்களும் துலக்கி வைத்த பித்தளைத் தட்டு மாதிரி பளபளவென்று ஆகிவிட்டன. அந்த சந்தோஷத்தை நான் பிறகு எதிலும் அனுபவித்ததில்லை.

அதிகாரி திரும்பி வந்து தொட்டியைப் பார்த்ததும் துள்ளிவிட்டான். "ஈக்கான் சூடா பாய்க்!" மீன் தேறிவிட்டது என்று தனக்குத் தெரிந்த மலாயில் கத்தினான். யார் வைத்தியம் என்று கேட்டான். ஈரக்கையோடு ஓடி வந்த அம்மா தொட்டியைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று. "இவ சித்தப்பாதான், தினமும் அவருதான்" என்று தட்டுத்தடுமாறி மலாயில் ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்குமா? ஜப்பான்காரன் நடத்திய பள்ளியில் பழக்கியபடி இடுப்பு வளையக் கும்பிட்டு, நெஞ்சில் கை வைத்து, "சாயா" என்றேன். நான்தான். சுவிட்சை அடைப்பது, பிளக்கைப் பிடுங்குவது எல்லாம் செய்து காட்டி, இச்சி, நி, சான் என்று ஜப்பான் பாஷையிலேயே எண்ணியும் காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு டின் பிஸ்கோத்தை எடுத்துக் கொடுத்தான். ஒரு சிறுமி பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வளர்ந்த ஆள் எதற்கு என்று அவனுக்கு அந்த நிமிஷமே விளங்கியிருக்க வேண்டும்.

வழியெல்லாம் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தாள். வீட்டுக்கு வந்து நானே சித்தப்பாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"முன்னூறும் எண்ணுனியா?"

"எண்ணுனேன்."

"கை ஈரமில்லாம இருந்திச்சா?"

"நல்லாத் தொடச்சேன் சித்தப்பா."

"கெட்டிக்காரி," என்றார். நான் நீட்டிய பிஸ்கோத்தை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

நோய் இருக்கிறவரைக்கும்தான் அவருக்கு வேலை, வேலை இருக்கிறவரைக்கும்தான் அவருக்கு உயிர். மீன்களைச் சாகவும் விடாமல், தேறவும் விடாமல், எத்தனை மாதம் கத்தி மேல் நடந்திருக்கிறார்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அந்த மனிதரோடு இன்னும் மனசுக்குள் சண்டை போடுகிறேன். பிள்ளை வாயில் ரகசியம் தங்காது என்று பயந்திருப்பார். அந்தப் பயத்திலும் தப்பில்லை, நெஞ்சில் கை வைத்து 'சாயா' என்றவள்தானே நான்.

மூன்றாம் நாள் காலையில் லோரி வந்தது. காய்ச்சல் முழுக்க விடவில்லை; இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். லோரியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு அவர் எங்களைப் பார்த்தார். லோரி கிளம்பியதும் நான் பின்னாலேயே ஓடிக் கத்தினேன்: "சித்தப்பா, கவலப்படாதீங்க! நீங்க வர்ற வரைக்கும் மீன நான் நல்லா பாத்துக்கிறேன்!"

அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். நல்லதைத்தானே சொன்னேன், இதற்குப் போய் ஏன் பொத்துகிறாள் என்று எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது.