கன்னத்துக் கலம்

மண்ணுக்குள்ளிருந்து எடுத்த எலும்புகள் காணாமல் போன அண்ணையுடையவையா என்று மரபணுவை ஒப்பிட, தாதி பஞ்சுக்குச்சியால் என் உட்கன்னத்தைச் சுரண்டினாள். அந்தக் கணத்தில் எனக்கு மீண்டும் பன்னிரண்டு வயதாகிவிட்டது.

பருத்தித்துறையில் எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடம். அண்ணையும் இப்படித்தான் ஈர்க்கால் தன் கன்னத்தைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, நீலச் சாயம் விட்டார். கரண்ட் இல்லாததால் நுணுக்குக்காட்டியின் அடியிலிருந்த ஆடியை யன்னல் வெயிலுக்குத் திருப்பினார். அந்த நேரம் பார்த்து வானத்தில் பொம்மர் விமானம் இரைந்தது.

“கண்ணாடி மினுங்குது அண்ணை, மேலை தெரியப்போகுது. பங்கருக்கு வாங்கோ!”

“என்ரை கலத்தை வடிவாப் பாத்திட்டு ஓடு. நடுவிலை இருக்கிற பொட்டுத்தான் கரு. கண்டனியோ?”

நுணுக்குக்காட்டியில் குனிந்தும், பயத்தில் கண்ணை இறுக்கி மூடியிருந்தேன். “ஓம்” என்றுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடினேன்.

தாதி குச்சியை உறையிலிட்டு ஒட்டினாள்.

“வடிவாப் பாக்கச் சொல்லுங்கோ, பிள்ளை,” என்றேன். “நான் அண்டைக்குப் பாக்கேல்லை.”