பிளாக்கில் இருந்த இலக்கம்

லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் கார் கராஜ் வைத்திருக்கும் என் கணவர் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு காருக்குக் கீழேதான் படுத்திருப்பார். அது அவருடைய சொந்தக் கார். அறுபதுகளில் செய்த, இரண்டு கதவுள்ள நீலக் கார். அதைப் பழைய கார்களுக்கான டிராக் ரேஸில் ஓட்டவேண்டும் என்று மூன்று வருடம் பாடுபட்டார். இரண்டு கார்கள் அருகருகே நின்று, கால் மைல் நேராகப் பாயும் போட்டி அது. பதினாறு, பதினேழு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

விதிப்புத்தகம் வாசிப்பது என் வேலை. அவருடைய பிரிவில் கார்புரேட்டரை மாற்றலாம், பிஸ்டனையும் மாற்றலாம். ஆனால் பிளாக் என்கிற எஞ்சினின் இரும்பு உடல் மட்டும் பழையதாக இருக்கவேண்டும். "அதே மொடல் எண்டால் காணுமாம், வேறொண்டும் பார்க்கத் தேவையில்லை," என்று நான்தான் சொன்னேன்.

லண்டனுக்கு வெளியே இருந்த ஓடுதளத்தில், எழுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி காரைச் சோதித்தார். எண்ணெயைத் துணியால் துடைத்து, டோர்ச் அடித்து, பிளாக்கில் இருந்த இலக்கத்தை வாசித்தார். அது காரைவிட நான்கு வருடம் பிந்தி வார்த்த பிளாக். இந்தப் பிரிவில் சேர்க்க முடியாது என்றார். வேண்டுமானால் போட்டிக்கு வெளியே ஒருமுறை ஓடிப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

பார்க்கிங் தண்டத்துக்கே கவுன்சிலோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் என் கணவர், குனிந்து இலக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் புத்தகத்தைப் புரட்டினேன். அடுத்த பக்கத்தில், பிந்திய வார்ப்புகள் செல்லாது என்று தெளிவாகவே இருந்தது.

"நான்தான் பிழை விட்டிட்டன். இந்தப் பக்கத்தைப் பார்க்கேல்லை," என்றேன். அழுகை வந்தது.

"விடும். நீர் வாசிக்காட்டி நான் இவ்வளவு தூரம் வந்தே இருக்கமாட்டன்," என்று ஹெல்மெட்டை மாட்டினார். "வந்ததுக்கு ஒருக்கா ஓடிப்போட்டுப் போவம்."

கார் உறுமிக்கொண்டு பாய்ந்தபோது என்னை அறியாமல் கத்திவிட்டேன். திரும்பி வந்தவரின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

குளிர்காலம் முழுக்கத் தேடியதில், வடமேற்கு லண்டன் கிங்ஸ்பரியில் வசிக்கும், கணவரை இழந்த ஒரு தமிழ் அக்காவின் கராஜில் சரியான பிளாக் அகப்பட்டது. இந்தமுறை எல்லாப் பக்கங்களையும் வாசித்துவிட்டு, இலக்கத்தை நானே குனிந்து பார்த்தேன்.

"ஓடேக்க எனக்கும் சொல்லுங்கோ," என்று மட்டும் அந்த அக்கா கேட்டார்.

அடுத்த கோடையில் அதே பெண்மணி பிளாக்கில் மஞ்சள் பெயின்டால் பொட்டு வைத்து அனுமதித்தார். என் கணவர் முதல் சுற்றிலேயே தோற்றார்.

"தோத்திட்டாரோ?" வேலியோரம் என்னோடு நின்ற கிங்ஸ்பரி அக்கா கேட்டார்.

"ஓம் அக்கா."

"என்ர மனிசன் கராஜில வைச்சிருந்த இந்த எஞ்சினை ஒருநாளும் ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்கேல்லை," என்றவர், கார் திரும்பி வந்து நிற்கும்வரை கைதட்டிக்கொண்டிருந்தார்.